மருந்து வாசல் வரை வந்தது: சென்னைக் காசநோய் ஆய்வும் அது கேட்காமல் விட்ட கேள்வியும்

சுகாதாரப் பணியாளர் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி காசநோய் மாத்திரையை விழுங்க வேண்டும். இந்த முறையைச் செவிலியர் கல்லூரிகளிலும் சமூகப்பணித் துறைகளிலும் 'டாட்ஸ்' என்ற பெயரில் சொல்லித்தருகிறார்கள். 1990களில் உலக சுகாதார நிறுவனம் வைத்த பெயர் அது. அதனால் ஜெனீவாவில் யாரோ யோசித்து நமக்கு அனுப்பிய திட்டம் என்றே பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அதன் வேர் சென்னையில் இருக்கிறது. இந்நகரத்து ஏழைகளின் ஓலைக் குடிசைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் 1956இல் தொடங்கிய ஓர் ஆய்வில் இருக்கிறது. செவிலியர் நோயாளியின் வீடு தேடிப் போவதே சிகிச்சையின் பாதி என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகளின் காலத்து மக்கள். அதனால் இந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆய்வு கேட்ட கேள்விகளோடு அது கேட்காமல் விட்ட கேள்வியையும் சேர்த்துத்தான்.

முதலில் அன்றைய நிலைமை. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு ஆகிய மூன்றும்தான் சிகிச்சை. அதற்கான இடம் சானடோரியம். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை நினைக்கிறார்களோ தெரியாது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும் வந்தன. 1952இல் மலிவான ஐசோனியசிட் வந்தது. மருந்து வந்த பிறகும் சிகிச்சைக்கான இடம் சானடோரியம்தான் என்ற எண்ணம் மாறவில்லை. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை யாருக்கு முதலில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தாலும், தினக்கூலிக்குப் போகும் ஒருவர் ஒரு வருடம் சானடோரியத்தில் படுத்திருந்தால் அவர் வீட்டில் உலை எப்படி ஏறும்?

இந்தச் சூழலில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரே மருந்தைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதற்கும் வீட்டில் இருக்கவிட்டுக் கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு?

சளியில் கிருமி இருந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல, யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல், பாதிப்பேர் சானடோரியத்துக்கும் பாதிப்பேர் வீட்டுச் சிகிச்சைக்கும் பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியசிட்டும் பாஸும் ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் படுக்கை, ஓய்வு, செவிலியர் கவனிப்பு, புரதமும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்கள் வழக்கமாக வாழ்ந்த வாழ்க்கை: நெருக்கடியான வீடு, குறைந்த கூலி, போதாத சாப்பாடு. பலர் நோயோடே வேலையும் செய்தார்கள்.

வருட முடிவில், சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய இடைவெளி இது. ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தபோதும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்னொரு பயமும் இருந்தது: நோயாளியை வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் தொற்றிவிடாதா? குடும்பத்தாரையும் பரிசோதித்தார்கள். நோயாளி சானடோரியத்தில் இருந்த குடும்பங்களைவிட, வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் அதிகமாகவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே தொற்றியிருந்தது. சிகிச்சை தொடங்கியதும் பரவல் குறைந்தது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரு ஏழை நாட்டின் ஏழை நகரவாசிகளிடம் கிடைத்த முடிவு, பணக்கார நாடுகளின் சானடோரியங்களையும் தேவையற்றதாக்கியது. நவீன மருத்துவ வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதல்ல.

மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்தச் சதவீதங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்களுக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறு. 86 சதவீதம் என்ற எண்ணை உண்டாக்கியது மாத்திரை மட்டுமல்ல. பாஸ் மருந்து குமட்டும், வயிற்றைக் கலக்கும். ஒரு நாளைக்குப் பல வில்லைகள் விழுங்க வேண்டும். ஓரிரு மாதத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறியதாகத் தோன்றியதும், அதை யார் விழுங்கிக்கொண்டிருப்பார்கள்? ஆகவே மையத்தின் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் வீடு வீடாகப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய், மீதியிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிவந்து அதில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போய் அழைத்துவந்தார்கள். சமூகநலப் பணியாளர்கள் குடும்பச் சிக்கல்களைக் கேட்டார்கள். சமூகச் செவிலியம் என்று இன்று ஒரு பாடமாக நாம் படிப்பதன் பெரும்பகுதி அந்த நடைப்பயணங்களில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் மருந்தின் பெயர் இருக்கும், மருத்துவர்களின் பெயர் இருக்கும். நடந்தவர்களின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த முடிவிலிருந்து இரண்டு பாடங்கள் பிறந்தன. இரண்டுமே பாதி உண்மை.

முதல் பாடம் சாப்பாட்டைப் பற்றியது. வீட்டில் அரைவயிறு சாப்பிட்டவர்களும் குணமானார்கள் அல்லவா? அப்படியானால் மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்று திட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. ஒழுங்காக மருந்து கிடைத்தால் போதாத சாப்பாட்டிலும் கிருமி அடங்கும் என்று மட்டும்தான் அது சொன்னது. போதாத சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழைக்கு மலிவான தீர்வு ஒன்று கிடைத்ததும் அரசாங்கங்களுக்கு வந்த நிம்மதி சாதாரணமானதல்ல. காசநோய்த் திட்டங்களில் மாத்திரைக்கு இருந்த இடம் பல பத்தாண்டுகள் சாப்பாட்டுக்கு இல்லை.

இரண்டாவது பாடம் நோயாளியைப் பற்றியது. நோயாளியை நம்ப முடியாது, கண்காணிக்க வேண்டும். சென்னை மையமே இதன் அடுத்த படியாக, வாரத்துக்கு இரண்டு முறை நோயாளி மையத்துக்கு வந்து பணியாளர் முன்னிலையில் மருந்து எடுத்துக்கொள்ளும் முறையைச் சோதித்து 1964இல் வெளியிட்டது. மருத்துவ ரீதியில் நல்ல முடிவுகள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டாட்ஸ். 1997இல் இந்தியாவின் திருத்தப்பட்ட தேசியத் திட்டமானது. பாதியில் நிறுத்தியவருக்கு ஆங்கிலத்தில் 'டிஃபால்டர்' என்று பெயர் வைத்தார்கள். வங்கிக் கடன் கட்டாதவருக்கும் அதே பெயர்தான். வாரத்தில் மூன்று நாள் காலை வேலையை விட்டுவிட்டு மாத்திரைக்காகப் போய் நின்றவரின் கூலி எங்கே போயிற்று என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

நோயாளிதான் சிக்கல் என்ற இந்த எண்ணத்துக்கு அதே காலத்தில் ஒரு மறுப்பும் வந்தது. அதைச் சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே தெபாபர் பானர்ஜி என்ற மருத்துவரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்ற டென்மார்க் நாட்டவரும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்து 1963இல் வெளியிட்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. இன்றும் பல அதிகாரிகளின் வாயில் அதேதான். இவர்கள் கண்டது நேர்மாறு. சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தங்கள் அறிகுறிகள் தெரிந்திருந்தன. பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கனவே ஆங்கில மருத்துவம் பார்க்கும் நிலையங்களுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை இருமல் மருந்து போன்றவற்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோயாளி வந்தார், அமைப்புதான் அவரைப் பார்க்கவில்லை. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், வருகிறவரை அருகிலுள்ள சாதாரண ஆஸ்பத்திரியிலேயே பரிசோதிப்பது என்ற அடிப்படையில் அமைந்ததில் இந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு. பின்னாளில் பானர்ஜி டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்தைக் கற்பித்தார்.

அளவுகோலைத் திருப்பிப் பிடித்தவர்கள் என்று இவர்களை நாங்கள் மதிக்கிறோம். சென்னையில் எண்ணியது நோயாளி விழுங்கிய மாத்திரையை. தும்கூரில் எண்ணியது நோயாளியை அமைப்பு கைவிட்ட தடவைகளை.

ஆனால் இன்னும் ஒன்று எண்ணப்படவே இல்லை. வீட்டுச் சிகிச்சையின் உயிர்நாடி செவிலியர் வீட்டுக்குள் வருவது. இந்தியக் கிராமத்தில் வீட்டுக்குள் வருவது என்பது ஒரு சாதிச் செயல். ஊரும் சேரியுமாகப் பிரிந்த நிலத்தில் யார் எந்தத் தெருவுக்குப் போகலாம், யார் எந்த வாசலைத் தாண்டலாம், யார் யாரைத் தொடலாம் என்று பலநூறு ஆண்டுகளாக எழுதிவைத்திருக்கிறார்கள். தொட்டுச் செய்யும் மருத்துவ வேலையே தாழ்ந்த வேலையாக ஒதுக்கப்பட்டிருந்ததுதான். தமிழகத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள்; வட இந்தியாவில் தாய்கள் என்ற பேறுகாலப் பெண்களில் பலர் தலித்துகள். இரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் தொடுவது அவர்கள் வேலை. முடிந்ததும் அவர்களும் தீட்டு. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு சிகிச்சை முறையை வாசல்படியின்மேல் கட்டும்போது, அந்த வாசல்படியைச் செவிலியர் தாண்டுகிறாரா என்ற கேள்வி முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அதை எண்ணியவர்கள் மருத்துவ ஆய்வாளர்கள் அல்லர். 2001-02இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று ஒரு கள ஆய்வு நடந்தது. கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகியோர் எழுதிய நூலாக அது 2006இல் வந்தது. தேநீர்க் கடை, கோயில், தண்ணீர், பள்ளிக்கூடம் என்று வரும் அந்தப் பட்டியலில் ஒரு வரி நமக்கானது: 33 சதவீதக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போவதில்லை. சென்னை ஆய்வு வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், மூன்றில் ஒரு கிராமத்தில்! சில ஆண்டுகள் கழித்து சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடமே கேட்டார். சுகாதாரப் பணியாளர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார், தொடுகிறாரா, மாத்திரையைக் கையில் வைக்கிறாரா, எப்படிப் பேசுகிறார் என்பவை அந்த ஆய்வின் கேள்விகள். பாகுபாட்டை இப்படித் துண்டுதுண்டாகப் பிரித்து அளக்க முடியும் என்று அது காட்டியது. பட்டமேற்படிப்புக்கு ஆய்வுத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள் இதை எடுத்துப் பாருங்கள்.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வாசல் தாண்டாத செவிலியரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இன்று கிராமங்களில் நடப்பவர்களில் நம் பெண்களும் ஏராளம். சேரியில் பிறந்து படித்து வேலைக்கு வந்த சகோதரி ஊர்த் தெருவுக்குப் போனால், திண்ணைக்கு அப்பால் அவரை விடாத வீடுகள் இருக்கின்றன. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தயங்குகிற பணியாளர்களை நாங்கள் அறிவோம். ஒரே வாசல்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஒப்பந்தச் சம்பளம், தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகை, தலைக்கு மேல் பதிவேடுகள் என்று இருக்கும் அவர்களின் வேலை நிலைமை தனிக் கட்டுரைக்கு உரியது.

யார் செவிலியர் என்ற கேள்வியையே மாற்றிப் போட்டவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கெட்டில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970இல் தொடங்கிய திட்டத்தில் படிப்பறிவில்லாத கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் தலித்துகள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள், பிறந்த குழந்தையை வீட்டிலேயே போய்ப் பார்த்துக் கவனித்தார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை சொன்னது. இன்று ஆஷா பணியாளர்கள் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வருவது அந்த ஆய்வின் வழியாக வந்ததுதான். பட்டம் இல்லாத பெண், சரியான பயிற்சியோடு, தன் தெருவிலேயே இதைச் செய்ய முடியும் என்று நிரூபணமானது. கூடவே, அவரைக் குறைந்த காசுக்கு வேலை வாங்கலாம் என்றும் அரசாங்கங்கள் கற்றுக்கொண்டன.

சாப்பாட்டுக் கணக்கு தீர இன்னும் நாளானது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் தலைமை; சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்களின் குடும்பத்தார் 10,345 பேர், பெரும்பாலோர் ஆதிவாசிகள். எல்லா நோயாளிகளுக்கும் மாதந்தோறும் உணவுப் பொட்டலம். ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். களப்பணியாளர்கள் உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், எடை பார்த்தார்கள். குடும்பத்துக்கும் சாப்பாடு கிடைத்த பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதமும், அதில் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதமும் குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைந்தது. 2023இல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசி வேலை செய்யும் என்று நிரூபிக்க, சென்னை ஆய்வு வெளிவந்து அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதற்கிடையே 2018இல் ஒன்றிய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024இல் 1,000 ஆக்கியது. அந்தப் பணம் நோயாளிக்கு மட்டும்தான். ஒரே பானையில் சாப்பிடும் வீட்டில் அது எப்படிப் பிரியும் என்பதை வீட்டுக்குள் போகிறவர்தான் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் இப்போது இரண்டு திட்டங்கள் இந்த வரலாற்றின் நேர்வாரிசுகள். 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்', நோய் கண்டுபிடித்த உடனேயே எடை, மூச்சு, எழுந்து நடக்க முடிகிறதா என்பவற்றைப் பணியாளர்கள் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறது. எல்லோரையும் வீட்டிலேயே வைக்கலாம் என்ற பழைய முடிவைக் கைவிடாமல், யாரை வைக்கக்கூடாது என்று பிரித்தறியும் வேலை இது. நல்ல திட்டம் என்பதே எங்கள் கருத்து. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கிறார்கள்.

எங்கள் களப்பணியில் ஒரு காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறோம். ஊர்த் தெருவில் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து இரத்த அழுத்தம் பார்க்கிற பணியாளர், காலனிக்கு வந்ததும் அங்கன்வாடி வாசலிலோ வேப்பமரத்தடியிலோ நின்றுகொண்டு எல்லோரையும் அங்கே வரச்சொல்கிறார். படுக்கையில் இருப்பவரின் மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப் போகிறான். பதிவேட்டில் இரண்டுமே 'வீட்டுப் பார்வை' என்றுதான் ஏறும். படுக்கைப்புண் வந்திருக்கிறதா, அடுப்பு எரிகிறதா என்று மரத்தடியிலிருந்து தெரியாது.

ஆகவே சமூகச் செவிலியத்தில் ஆய்வு செய்யப் போகிறவர்களிடம் நாங்கள் கேட்பது, சென்னையில் செய்ததுபோல முன்கூட்டிச் சொல்லாமல் போய் எண்ணுங்கள் என்பதுதான். இந்த முறை மாத்திரையை அல்ல. ஒரே கிராமத்தில் ஊரிலும் காலனியிலும் இருபது இருபது வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்த செவிலியர் எங்கே நின்றார், உட்கார்ந்தாரா, எத்தனை நிமிடம் இருந்தார், நோயாளியைக் கையால் தொட்டாரா, தண்ணீர் குடித்தாரா என்று கேட்டு எழுதுங்கள். அதே கேள்விகளைச் செவிலியரிடமும் கேளுங்கள்: எந்த வீட்டில் உங்களை உள்ளே விட்டார்கள், எங்கே விடவில்லை? பெயர்களை மறைத்துவிடுங்கள், யாரையும் வேலையிலிருந்து தூக்கவைப்பதற்கான வேலை இல்லை இது. இரண்டு தெருக்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோயாளிகளின் எடை, இரத்த அழுத்தக் கணக்கோடு சேர்த்து வட்டார மருத்துவ அலுவலரின் மேசைக்கும் கிராம சபைக்கும் கொண்டுபோங்கள். நாற்பது வீடு பார்க்க இரண்டு பேருக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.